அலம்பல் வேலியும் மின்வேலியும்
வன்னிநாட்டுப் பயிர்க்காவலின் வரலாறு

உழுதலும் விதைத்தலும் மட்டும் உழவாகா. விளைந்ததை வீடு சேர்க்கும் வரையிற் காத்தலும் உழவேயாம். உழவின் பெருமையைப் பத்துக் குறளில் வகுத்த வள்ளுவர், ஏரும் எருவும் களையெடுத்தலும் நீரும் ஆகியவற்றை நிரலே எண்ணி, அந்நீரினும் சிறந்தது காப்பு என முடித்தமை கருதத்தக்கது. சங்கச் சான்றோர் குறிஞ்சி நிலத்தைப் பாடும்போதெல்லாம் தினைப்புனமும் பரணும் உடன்வரும். கிளியோட்டும் மகளிர் கையிலிருந்த தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளின் பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டு நமக்குக் காத்துத் தந்துள்ளது. சோழநாட்டில் நிலத்தை அளந்த பேரளவைக்கே வேலி என்பது பெயராயிற்று. இருபது மா கொண்டது ஒரு வேலி. வேலியிட்டுக் காக்கப்பட்டதே நிலம் எனத் தமிழர் எண்ணினர் போலும்.

ஈழத்தின் வன்னிப் பெருநிலத்திற் பயிர்க்காவல் பிறவிடங்களிலும் கடினமான தொழிலாகும். கிளியையும் குருவியையும் கவண்கல்லால் ஓட்டலாம். பன்றியை நாயாலும் தீப்பந்தத்தாலும் விலக்கலாம். யானையை என் செய்வது? ஓர் இரவிற் பல பரப்பு நெல்லை மேய்ந்தும் மிதித்தும் அழிக்கவல்ல அவ்விலங்கை வன்னி மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர், அதனை விலக்கும் வேலி காலந்தோறும் எவ்வாறு மாறிற்று, இன்று எங்கும் பேசப்படும் மின்வேலி எத்துணைப் பயன் தந்துள்ளது என்பனவற்றை வரலாற்று முறையில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் காடும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுவீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே உள்ளது உடையார்கட்டு. உடையார் என்பது ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலர் காலத்திலும் ஊர்த்தலைவருக்கு வழங்கிய பதவிப்பெயர். கட்டு என்பது குளத்தின் அணைக்கட்டைக் குறிக்கும். அயலிலுள்ள முத்தையன்கட்டும் இவ்வாறே பெயர்பெற்றது. வன்னியில் ஊர் என்பது குளத்தைச் சார்ந்தது. குளத்தின்கீழ் வயல், வயலின் ஓரத்திற் குடிமனை, அவற்றைச் சூழக் காடு என்பதே அந்நிலத்தின் பழைய அமைப்பு. குளம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. ஆடி, ஆவணி மாதங்களிற் காட்டுநீர் வற்றும்போது யானையும் மரையும் மானும் அக்குளத்தையே நாடிவரும். நீர் வற்றிய குளத்தின் அலைகரையிற் புல் தளிர்க்கும். அப்புல்லை மேய்வதற்கும் யானைகள் வரும். காலபோக நெல் கதிர்முற்றும் தை, மாசி மாதங்களில் அவற்றின் நாட்டம் வயலின்பாற் செல்லும். ஆகவே வன்னியில் ஊரையும் காட்டையும் பிரிக்கும் கோடு நிலையானதன்று, பருவந்தோறும் பெயர்வது. இவ்வுண்மை பின்வருவனவற்றுக்கெல்லாம் அடிப்படையாதலின் நினைவில் இருத்தற்குரியது.

யானை வன்னி மக்களின் வாழ்வில் எவ்வளவு கலந்திருந்தது என்பதற்கு இடப்பெயர்களே சான்றாகும். ஆனையிறவும் ஆனைவிழுந்தானும் இன்றும் வழங்கும் பெயர்கள். நாட்டார் இலக்கியமும் இதற்குச் சான்று பகரும். வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை, ஆடவர் அஞ்சிய யானையைத் தானே சென்று பிடித்துக் கட்டினாள் என்னும் கதை முல்லைத்தீவுப் பகுதியில் ஒப்பாரியாகப் பாடப்பட்டு வந்துள்ளது. யானை பிடிக்குந் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்டோர் பணிக்கர் எனப்பட்டனர். பயிரை அழிக்கும் பன்றியைப் பொருளாகக் கொண்ட பண்டிப்பள்ளும் வன்னியில் வழங்கியது. பயிர்க்காவலின் இடரே பாட்டுக்குப் பொருளாயிற்று என்பது இதனாற் பெறப்படும்.

திறையாகிய யானை

இலங்கை யானை பண்டுதொட்டே கடல்கடந்து விற்கப்பட்ட பொருளாகும். போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையை யானைத்துறை எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்டுக் கப்பலேறின. ஒல்லாந்தர் இவ்வாணிகத்தை மேலும் ஒழுங்குபடுத்தினர். வன்னியர் தலைவர்கள் ஆண்டுதோறும் திறையாக யானைகளைச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். யாழ்ப்பாணப்பட்டினத்தின் ஒல்லாந்தத் தளபதியாயிருந்த சுவார்டெக்குரூன் 1697 ஆம் ஆண்டில் தமக்குப் பின்வருவோர்க்கு எழுதி வைத்த நினைவுக்குறிப்பு, யானை வாணிகத்தையும் வன்னியர் செலுத்தவேண்டிய யானைகளையும் பற்றி விரிவாகப் பேசுகின்றது. கோல்கொண்டா முதலிய இடங்களிலிருந்து வணிகர் யாழ்ப்பாணம் வந்து யானைகளை வாங்கிச் சென்றனர்.

அக்காலத்தில் யானைக்கென எழுந்த பெருவேலி, யானையை வெளியே நிறுத்துதற்கன்று. உள்ளே அடைத்தற்கே அமைந்தது. பருத்த மரங்களை நெருக்கமாக நட்டு, வாய் அகன்றும் உள்நோக்கிக் குறுகியும் செல்லுமாறு கொப்பம் அமைத்து, பறையொலியாலும் தீயாலும் யானைக்கூட்டத்தை அதனுள் ஓட்டுவர். இம்முறை தீவின் பிற பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூறு வரையில் நிலைத்தது. பனாமுறையில் 1950 ஆம் ஆண்டில் நடந்ததே இறுதிக் கொப்பம் என்பர். யானைக்கு விலை இருந்தமையால் அதனைக் கொல்வது அரசின் நலனுக்கு மாறாயிருந்தது. பயிர் இழந்த கமக்காரனது குறை அன்று எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

தலைக்கு விலை

வன்னியின் இறுதி மன்னனாகப் போற்றப்படும் பண்டாரவன்னியன் 1803 ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிப் பின்னர்க் கற்சிலைமடுவில் தோல்வியுற்றதோடு வன்னியர் ஆட்சி முடிவுற்றது. ஆங்கிலராட்சியில் யானையின் நிலை தலைகீழாயிற்று. அதுவரை திறைப்பொருளாக மதிக்கப்பட்ட விலங்கு, பயிருக்கும் குடிக்கும் பகையாகக் கருதப்பட்டது. யானையைக் கொன்றோர்க்கு அரசு தலைக்கு இத்துணை எனப் பரிசு வழங்கிற்று. மேஜர் உரோஜர்ஸ் என்னும் அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர்பெற்றார்.

1845 முதல் 1850 வரையில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனென்ற், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848 ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் ஏறக்குறைய 3,500 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டதெனப் பதிவு செய்துள்ளார். அன்றைய வடமாகாணம் இன்றைய எல்லையினும் பெரியது. 1873 ஆம் ஆண்டில் வடமத்திய மாகாணம் பிரிக்கப்படும் வரையில் நுவரகலாவியாவும் அதனுள் அடங்கியிருந்தது. எனினும் அத்தொகையின் பெருமை வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவதாகும். 2011 ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் எண்ணப்பட்ட யானைகள் 5,879. அதனோடு ஒப்பிட்டு நோக்கின், ஒரு மாகாணத்தின் மூன்றாண்டு அழிவு எத்தகையதென்பது விளங்கும்.

இத்துணை யானைகளைக் கொன்றும் பயிர்ச்சேதம் ஒழிந்ததா எனின், இல்லை. 1895 ஆம் ஆண்டில் வெளிவந்த ஜே. பி. லூயிஸ் என்பாரின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், மக்கட்டொகை குன்றிக் குளங்கள் தூர்ந்து காடு மேலோங்கிய ஒரு நாட்டையே நமக்குக் காட்டுகின்றது. துப்பாக்கியால் யானை குறைந்தது, காடு குறையவில்லை, காவல் தேவையும் குறையவில்லை. பின்னர்க் காலப்போக்கில் அரசின் கருத்து மீண்டும் மாறிற்று. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைக் காவலுக்குரிய உயிராக்கியது. 1949 ஆம் ஆண்டில் அதற்கெனத் தனித் திணைக்களமும் தோன்றிற்று. இவ்வாறு ஒரே விலங்கு முந்நூறு ஆண்டுக்குள் அரசின் செல்வமாகவும் அரசின் பகையாகவும் அரசின் காப்புப்பொருளாகவும் ஆயிற்று. ஆனால் வயலோரத்துப் பரணில் இரவு முழுதும் விழித்திருந்தவனுக்கு இம்மூன்று காலமும் ஒன்றேயாயிருந்தது.

ஊர்வேலி

அவன் நம்பியிருந்தது எதனை? தன் ஊரார் கூடிக் கட்டிய வேலியையே நம்பியிருந்தான். யாழ்ப்பாணத்து வளவுகளைச் சூழக் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதிகாலாக நிற்கும். அவற்றிடையே கிடுகும் பனையோலையும் வரிந்து கட்டப்படும். வன்னி வயலுக்கு அத்தகைய அலங்கார வேலி இல்லை. காட்டிலே வெட்டிய தடிகளை நட்டு, முட்கொம்புகளை அலம்பலாக அடைந்து, காட்டுக்கொடியால் வரிந்த வேலியே அங்குண்டு. அது ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக அடைக்கப்பட்டது. வயல் முழுவதையும் சூழ்ந்த சுற்றுவேலி ஒருவனது உடைமையன்று. அவனவன் வயலின் பரப்புக்கு ஏற்ப அவனவன் அடைக்கவேண்டிய வேலியின் நீளம் வரையறுக்கப்பட்டிருந்தது. தன் பங்கை அடையாது விட்டவன் தன் பயிரை மட்டுமன்றி அயலான் பயிரையும் ஆபத்துக்குள்ளாக்கினான். ஆதலால் வேலிக்குறை ஊர்க்குற்றமாக எண்ணப்பட்டது. விதைப்புநாள், நீர்ப்பங்கு, வேலியடைப்பு ஆகிய மூன்றையும் மேற்பார்வை செய்தவர் வட்டவிதானையார். ஆங்கில அரசும் இவ்வழக்கின் பயனை உணர்ந்து, நெற்காணி நீர்ப்பாசனம் பற்றிய 1856 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் பழைய வழமைகளுக்குச் சட்டவலிமை அளித்தது.

பன்றியையும் மாட்டையும் தடுக்க அலம்பல் வேலி போதும். யானையை அது தடுக்குமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. பருமரத்தையே சாய்க்கும் யானைக்கு முட்கொம்பு எம்மாத்திரம்! இங்குதான் ரெனென்ற் தரும் மற்றொரு செய்தி பயன்படுகின்றது. யானைக் கொலைக்குக் கொடுத்த பரிசைக் கணக்கிட்ட அவரே, யானையின் இயல்பை விரித்துரைக்குமிடத்து, அது வேலியைக் கண்டு ஐயுறும் தன்மையது என்றும், மெல்லிய குச்சிகளாலான வேலியையும் கடக்கத் தயங்கும் என்றும் எழுதியுள்ளார். பயிர்நிலங்களுக்கு இடையே யானைகள் நீருக்குச் செல்லுதற்கு வழி விடப்பட்டிருந்ததையும், அறுவடை முடிந்து வேலி திறந்தபின் அவை வயலுட் புகுந்து எஞ்சியதை மேய்ந்ததையும் அவர் குறித்துள்ளார்.

இக்குறிப்பின் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அப்பழைய வேலியின் வலிமை தடியிலும் முள்ளிலும் இருக்கவில்லை. அது மூன்றிடத்தில் இருந்தது: முதலாவது, யானையின் மனத்தில், இரண்டாவது, வேலிக்குப் பின்னால் விழித்திருந்த மனிதரின் ஆரவாரத்திலும் தீயிலும், மூன்றாவது, யானைக்கும் ஒரு வழியும் ஒரு பருவமும் விட்டுக்கொடுத்த ஊரின் ஒழுங்கில். கதிர் நிற்கும் வரை வயல் மனிதனுக்கு. கதிர் அரிந்தபின் தாள் விலங்குக்கு. யானை எல்லாவிடத்தும் எக்காலத்தும் விலக்கப்படவில்லை. ஓரிடத்தில் ஒரு காலத்துக்கு மட்டுமே விலக்கப்பட்டது.

மின்வேலியின் தோற்றமும் தொழிலும்

மின்வேலி யானைக்கெனத் தோன்றியதன்று. கால்நடையை அடைத்து வளர்க்கும் நியூசிலாந்து நாட்டிற் கலகர் என்பார் 1930களில் அதனைப் பயன்படத்தக்க கருவியாக்கினார். 1962 ஆம் ஆண்டில் அந்நாட்டின் ருவாகுரா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிலிப்ஸ் என்பார், புல் தொட்டாலும் எளிதில் வலுக்குன்றாத புதிய முறையைக் கண்டார். அதன் பின்னரே நெடுந்தூர மின்வேலிகள் இயல்வனவாயின. அங்கிருந்து அது ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரவி, யானை, பன்றி, ஓநாய் முதலியவற்றை விலக்கவும் பயன்படலாயிற்று.

அதன் தொழிற்பாடு பலராலும் தவறாக விளங்கிக் கொள்ளப்படுவதாகலின் சிறிது விளக்குதல் தகும். சூரியத் தகட்டால் நிரப்பப்படும் மின்கலத்திலிருந்து மின்னூட்டி என்னும் பொறி ஆற்றலைப் பெற்று, ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒருமுறை கம்பியில் ஒரு துடிப்பைச் செலுத்தும். அத்துடிப்பின் அழுத்தம் 5,000 முதல் 10,000 வோற்று வரையில் இருக்கும். ஆனால் அது நீடிப்பது ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே. கம்பியைத் தொட்ட விலங்கின் உடல் வழியாக மின் மண்ணுக்கு இறங்கி, மண்ணில் நட்ட உலோகக்கோல் வழியாகப் பொறிக்கு மீளும். அதனாற் கடும் வலி உண்டாகும், உயிர் போவதில்லை. இரு துடிப்புகளுக்கு இடையிலுள்ள வெளியில் விலங்கு விலகிக்கொள்ளும். ஒருமுறை வலியுணர்ந்த யானை கம்பியைக் கண்டமாத்திரத்தே தயங்கும். எனவே மின்வேலியும் அலம்பல் வேலி போன்று யானையின் உடலைத் தடுப்பதன்று. அதன் மனத்தைத் தடுப்பதேயாம்.

வீட்டு மின்னிணைப்பிலிருந்து 230 வோற்று மின்னை நேரே கம்பியிற் பாய்ச்சுவது முற்றிலும் வேறாகும். அதில் இடைவெளியில்லை, தசைகள் இறுகி, பிடித்தது விடாது, நெஞ்சத்துடிப்பு நின்றுவிடும். அது வேலியன்று, கொலைப்பொறி. பன்றிக்கு விரித்த அக்கம்பியில் யானையும் மாடும், சில வேளை அதனை அமைத்தவனும் அயலானும் மாண்டதுண்டு. இலங்கையில் இவ்வாறு மின்பாய்ச்சுதல் தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் ஆண்டுதோறும் யானைச் சாவுக்குரிய காரணங்களுள் அது முன்னிற்கின்றது. தமிழகத்திலும் இத்துயர் உண்டு. 2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியை அடுத்து இத்தகைய வேலியொன்றில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு கன்றுகள் எஞ்சி நின்றன. அதே ஆண்டில் அம்மாநில அரசு, மின்வேலிகளைப் பதிவு செய்தற்கும் ஒழுங்குபடுத்தற்கும் விதிகளை வகுத்தது. ஒரே கம்பி, செலுத்தும் மின்னின் வேற்றுமையாற் காவலாகவும் கொலையாகவும் ஆவதை உழவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

காட்டெல்லையில் நட்ட கம்பி

இலங்கையில் மின்வேலி சில ஆயிரம் கிலோமீற்றர் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. 2020 ஆம் ஆண்டளவில் அதன் நீளம் ஏறக்குறைய 4,500 கிலோமீற்றர் எனக் கணக்கிடப்பட்டது. ஆயினும் மனிதச் சாவும் யானைச் சாவும் குறைந்தில. 2023 என்னும் ஓராண்டில் மட்டும் நாடெங்கும் 480க்கு மேற்பட்ட யானைகளும் 170க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தனர். வேலி நீண்டுகொண்டே செல்லச் சாவும் கூடிக்கொண்டே சென்றது யாது காரணத்தால் என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினா.

முதற்காரணம் வேலி நின்ற இடம். யானைகளையெல்லாம் சரணாலயங்களுக்குள் ஓட்டி அடைத்து, எல்லையில் வேலியிட்டால் பூசல் ஒழியும் என்னும் கொள்கை அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவிற்று. வேலிகள் பெரும்பாலும் வனவிலங்குத் திணைக்களத்து நிலத்துக்கும் வனத்திணைக்களத்து நிலத்துக்கும் இடைப்பட்ட எல்லையில் நடப்பட்டன. அவ்வெல்லை அலுவலக வரைபடத்தில் உள்ளது; காட்டில் இல்லை. வேலியின் இருபுறமும் காடு, இருபுறமும் யானை. இலங்கை யானை வாழும் நிலப்பரப்பில் ஏறக்குறைய எழுபது வீதம் சரணாலயங்களுக்கு வெளியே உள்ளதென ஆய்வாளர் கூறுவர். அங்ஙனமாயின், காட்டின் நடுவே நின்ற கம்பி எந்த வயலைக் காத்தது? ஓட்டி அடைக்கப்பட்ட யானைகளின் நிலையும் இரங்கத்தக்கது. 2006 ஆம் ஆண்டளவில் லுணுகம்வெகரப் பூங்காவுக்குள் அடைபட்ட கூட்டங்கள், வேலியோரத்தே உணவின்றி மெலிந்து நின்றதைக் கண்டோர் பலர்.

இரண்டாவது காரணம் வேலியைப் பேணுவார் இன்மை. கம்பியிற் கொடி படர்ந்தால் மின் மண்ணுக்குக் கசியும். மழைக்காலத்தில் வன்னியில் ஒரு மாதத்திற் கொடி கம்பியை மூடிவிடும். மின்கலம் பழுதாகும், கிளை முறிந்து கம்பி அறும், மின்காப்பி உடையும். யானையும் வாளாவிருப்பதில்லை. மரத்தைச் சாய்த்துக் கம்பியின்மேல் வீழ்த்தவும், தூணைக் காலால் உதைத்துச் சரிக்கவும், தந்தமுள்ளவை மின் கடத்தாத அத்தந்தத்தால் கம்பியை நெம்பவும் கற்றுக்கொண்டன. வயலுட் புகுவன பெரும்பாலும் முதிர்ந்த ஆண்யானைகளே. அவை ஒவ்வொன்றும் வேலியின் வலுவற்ற இடத்தைத் தேடி அறியும். நாள்தோறும் ஒருவர் வேலியோரம் நடந்து, கொடியறுத்து, கம்பியை இழுத்துக் கட்டாவிடின், எவ்வளவு செலவிட்டு நட்ட வேலியும் ஒரு பருவத்திற் பயனற்றதாகும். காட்டின் நடுவே, ஊருக்கு நெடுந்தூரத்தில் நின்ற வேலியை யார் நாள்தோறும் சென்று பார்ப்பர்? அது அரசின் வேலி. அரசின் ஊழியர் சிலரைக் காவலுக்கு வைத்தும் அக்குறை தீரவில்லை.

மூன்றாவது காரணம் ஊரமைப்பின் மாற்றம். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் பின் வட்டவிதானைப் பதவி மறைந்தது. செய்கைக்குழுக்களும் பின்னர்க் கமக்காரர் அமைப்புகளும் அவ்விடத்தைப் பெற்றன. நீர்ப்பங்கு ஓரளவு தொடர்ந்தது. ஆனால் முட்கம்பி வந்ததும் அவனவன் வளவை அவனவன் அடைக்கும் வழக்கம் பரவி, சுற்றுவேலியின் கூட்டுப்பொறுப்புத் தளர்ந்தது. தளர்ந்த அவ்விடத்தில் மின்வேலி வந்து நின்றபோது, அதனைத் தாங்கப் பழைய ஒழுங்கு இருக்கவில்லை.

இவற்றை உணர்ந்தே, 2020 ஆம் ஆண்டில் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு வகுத்த தேசியச் செயற்றிட்டம் வேலிக்கொள்கையை மாற்றுமாறு வேண்டிற்று. குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவப் பகுதியில் அவரும் அவர்தம் நிலையத்தாரும் முன்னரே செய்துகண்ட முறையே அதற்கு அடிப்படை. வேலி காட்டைச் சூழவன்று, ஊரைச் சூழவும் வயலைச் சூழவும் நிற்றல் வேண்டும். குடிமனையைச் சூழ்ந்தது ஆண்டு முழுவதும் நிற்கும். வயலைச் சூழ்ந்தது விதைப்பின்போது நடப்பட்டு, அறுவடையின்பின் கழற்றி வைக்கப்படும். கழற்றியபின் யானை வந்து தாளை மேயலாம். ஊராரே சங்கமாகக் கூடி, செலவில் ஒரு பங்கு ஏற்று, முறைவைத்து வேலியைப் பேணல் வேண்டும்.

இத்திட்டத்தைப் படிப்போர், புதிய அறிவியலின் வாயிலாகப் பழைய ஊர்வேலியே மீண்டும் உரைக்கப்படுதலைக் காண்பர். அலம்பலுக்குப் பதிலாகக் கம்பி. தீப்பந்தத்துக்குப் பதிலாகச் சூரியத் தகடு. வட்டவிதானையாருக்குப் பதிலாகச் சங்கத் தலைவர். ரெனென்ற் கண்ட வழக்கம் ஒன்றரை நூற்றாண்டின் பின் அரசின் திட்டமாயிற்று.

மீண்டு வந்த ஊர்

இவ்வரலாறு வன்னிக்கு, சிறப்பாக உடையார்கட்டு போன்ற ஊர்களுக்கு, யாது பயனுடைத்து என்பது இனி நோக்கற்பாலது. 1960களின் பிற்பகுதியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபருக்கான குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன. காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் விளைவித்து அப்பகுதி செழித்தது. பின்னர் நிகழ்ந்த நெடும்போர் எல்லாவற்றையும் மாற்றிற்று. 2009 ஆம் ஆண்டு சனவரியில் அரசு பாதுகாப்பு வலயமென அறிவித்த நிலம் உடையார்கட்டையும் சுதந்திரபுரத்தையும் அடக்கியிருந்தது. அங்குத் தஞ்சம் புகுந்த மக்கள் எறிகணைகளுக்கு இரையாயினர்; எஞ்சியோர் கிழக்கே கடலோரம் வரை துரத்தப்பட்டு, பின்னர் முகாம்களில் அடைபட்டனர். ஊர் ஆளற்றுக் கிடந்தது. வளவுகளிற் பற்றை மண்டிற்று. வயலிற் காடு எழுந்தது. குளத்துக்கு யானை தடையின்றி வந்து சென்றது. காடு மண்டிய காணி யானைக்குக் காடேயன்றிக் காணியன்று. அவ்விடங்களில் நடந்து பழகிய தடத்தை அது மறப்பதில்லை.

மக்கள் மீண்டபோது கையிலிருந்தவை கத்தியும் மண்வெட்டியும் சில தென்னம்பிள்ளைகளுமே. இரு பத்தாண்டுகள் மின்விநியோகமற்றிருந்த வன்னிக்கு மின்விளக்கும் மின்வேலியும் ஏறக்குறைய ஒருங்கே வந்தன. 2015 ஆம் ஆண்டில் வடக்கே சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மேற்கே மடுவீதிப் பூங்காவும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. காடு காக்கப்படுதல் வேண்டுவதே. ஆனால் காக்கப்பட்ட காட்டின் ஓரத்தில், வீட்டையும் உறவையும் இழந்து மீண்ட ஒரு குடி நட்ட தென்னம்பிள்ளை காய்ப்பதற்கு ஐந்து முதல் ஏழாண்டு செல்லும். அதனைக் குருத்தோடு பிடுங்கி உண்ண யானைக்குச் சில நொடி போதும். நெல்லிழந்தவன் அடுத்த போகத்தை நோக்கலாம். தென்னையிழந்தவன் மீண்டும் ஆறாண்டு காத்திருத்தல் வேண்டும். ஒருமுறை யாவற்றையும் இழந்தவனிடம் அத்துணைப் பொறுமையை எதிர்பார்த்தல் அறமாகாது. முல்லைத்தீவு மாவட்டத்தின் பல ஊர்கள் யானைவேலி வேண்டி நிற்பதன் காரணம் இதுவே.

அவ்வேண்டுகோள் நியாயமானது. எனினும் வேலி கிடைத்தல் மட்டும் போதாது. எத்தகைய வேலி, எங்கே, யாருடையது என்பனவே முடிவைத் தீர்மானிக்கும். காட்டெல்லையில் அரசு நட்டுச் செல்லும் கம்பி இரண்டு மாரியிற் கொடியேறி நிற்கும். ஊரையும் வயலையும் சூழ, கமக்காரர் அமைப்புத் தன் உறுப்பினரின் பரப்புக்கேற்பப் பங்கிட்டுப் பேணும் வேலி நிலைக்கும். பொறியும் கம்பியும் அரசு தரவேண்டியவை. ஏனெனில் யானை நாட்டின் பொதுச்சொத்து, அதனைக் காக்கும் சுமை காட்டோரத்து ஏழையின் தலையில் மட்டும் ஏறலாகாது. நாள்தோறும் கொடியறுக்கும் கை ஊரினதாதல் வேண்டும். ஏனெனில் கதிர் ஊரினது. குளத்துக்குச் செல்லும் யானைத் தடத்தை அடைக்காது விடுதலும், அறுவடையின்பின் வயல்வேலியைக் கழற்றுதலும் யானைக்குக் காட்டும் இரக்கம் மட்டுமல்ல; வேலியின் ஆயுளை நீட்டும் உபாயமுமாகும். போக்கிடமில்லாத யானையே வேலியை உடைக்கும்.

திறையும் பரிசும் சட்டமும் மாறிமாறி வந்து யானையின் மதிப்பை உயர்த்தியும் தாழ்த்தியும் சென்றன. அவற்றிடையே மாறாது நின்றது, போகந்தோறும் தன் பங்கு வேலியைத் தான் அடைத்த வன்னிக் கமக்காரனின் கடமையுணர்ச்சியே. அக்கடமைக்குச் சட்டமும் கருவியும் துணைநிற்குமாயின், உடையார்கட்டின் தென்னம்பிள்ளைகள் காய்க்கும் நாள் தொலைவில் இல்லை. காட்டு யானையும் தன் காட்டில் வாழும்.